கயிறு பிடித்தவர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தமிழில் எழுதப்படாத செய்தி இனி ஏதும் இருக்க முடியாது என்றே தோன்றும். விமானம், ஓவியம், கல்வெட்டு, செப்புத் திருமேனி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல்கள் வந்துவிட்டன. எனினும் 1808ஆம் ஆண்டில் அந்த விமானத்தின்மேல் நிகழ்ந்த ஒரு விபத்தைப் பற்றிக் கேட்டால், தமிழ் படிக்கும் நம் மாணவர்கள் மட்டுமல்லர், நம்மைப் போன்ற ஆசிரியர்களும் விழிக்கவே செய்வோம். நில அளவை வரலாறு படிப்போர் நன்கறிந்த நிகழ்ச்சி அது. கோயில் வரலாறு படிப்போர் அதனைக் கடந்து போய்விடுகிறோம்.

ஆண்டுதோறும் களப்பணி என்ற பெயரில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் செல்பவர்கள் நாம். கல்வெட்டுப் படியெடுக்கவும், நடவுப் பாட்டைப் பதிவு செய்யவும், மனோராவையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பார்க்கவும் போகிறோம். அப்படிப் போன ஒரு மாலையில் நேர்ந்த தவறு ஒன்று, மேற்சொன்ன 1808ஆம் ஆண்டு நிகழ்ச்சியை மீண்டும் படிக்குமாறு நம்மைத் தூண்டியது. முதலில் அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறோம்.

கும்பினி ஆட்சியின் படையதிகாரியாக இருந்தவர் வில்லியம் லாம்டன். தென்னிந்தியாவை முக்கோண முறையில் அளக்கும் பணியை அவர் 10.04.1802 அன்று சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு மிகத் துல்லியமாக அளந்துகொள்வது முதற்படி. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாம் புள்ளி ஒன்றைக் கோணமானி வழியாகப் பார்த்துக் கோணங்களைக் கணித்தால், நடந்து அளக்காமலேயே மற்ற இரு பக்கங்களின் நீளம் கிடைத்துவிடும். அந்தப் பக்கங்களை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அதற்கடுத்தது. இவ்வாறு முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே குமரிமுனை வரையிலும், பின்னர் இமயம் வரையிலும் சென்றது அந்தப் பணி. 1818 முதல் அதற்குப் பெரும் முக்கோண அளவை என்று பெயர்.

அதற்காக இலண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்து கொடுத்த பெரிய கோணமானியின் எடை ஏறத்தாழ அரை டன். அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டம் உடையது. கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதனைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு போனதும், அறிவியல் கருவி என்று தெரிந்தபின் மரியாதையுடன் திருப்பி அனுப்பியதும் தனிக்கதை.

முக்கோண முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் மற்றொரு புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைநாட்டில் குன்றின்மேல் ஏறிக்கொள்ளலாம். காவிரிப் படுகையில் ஏறுவதற்குக் குன்று ஏது? கண்ணுக்கெட்டிய வரை வயல், வயலைச் சூழ்ந்து தென்னையும் பனையும். ஆகவே சோழர் எழுப்பிய கோபுரங்களும் விமானங்களுமே லாம்டனுக்குக் குன்றுகளாயின. ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள தஞ்சை விமானத்தை விட்டால் அவருக்கு வேறு சிறந்த இடம் இருந்திருக்க முடியாது.

அரை டன் கருவியைக் கப்பியும் கயிறும் கொண்டு விமானத்தின் மேலே ஏற்றினார்கள். சுவரில் மோதாதபடி அதனை விலக்கிப் பிடிப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. அந்தக் கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிச் சென்று கற்சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் அந்த வட்டம் நெளிந்து போயிற்று.

வேறொருவராக இருந்தால் பணியையே கைவிட்டிருப்பார். லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு, கைவினைஞர் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, ஆப்பும் திருகும் கப்பியுமாக ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்து, நெளிந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இதனை வியந்து எழுதியிருக்கிறார். பின்னர் வந்த வரலாற்றாசிரியர் பலரும் அதே வியப்புடன் எடுத்து எழுதினர். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இன்றும் இக்கதை சொல்லப்படுகிறது.

நாமும் முதன்முறை படித்தபோது வியந்தோம். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? அரை டன் எடை கைவிட்டுப் போன கணத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது? இந்நிகழ்ச்சியை விவரிக்கும் நூல்களில் கருவியின் எந்தப் பகுதி எப்படிச் சிதைந்தது என்பது இருக்கிறது. செப்பனிட எத்தனை வாரங்கள் ஆயின என்பது இருக்கிறது. கயிறு பிடித்தவர்களின் பெயர் இல்லை. அவர்களுடைய கைத்தோல் உரிந்ததா, எலும்பு முறிந்ததா, யாரேனும் கீழே விழுந்தார்களா என்ற குறிப்பும் இல்லை. கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆட்கள் வேண்டுமளவு கிடைத்தார்கள்.

இது தஞ்சையோடு முடிந்த செய்தியன்று. 1819இல் எவரெஸ்ட் கிருட்டிணை, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காட்டுப் பகுதியில் அளவை செய்தபோது மழைக்காலக் காய்ச்சல் கண்டது. அவரும் அவருடன் சென்றவர்களும் படுத்துவிட்டார்கள். உடனிருந்தோரில் பலர் இறந்தனர். எவரெஸ்ட் உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறிச் சென்றார். அந்தக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். ஆகவே எவரெஸ்டின் அறியாமையை நாம் குறை கூற முடியாது. ஆனால் நோய் ஒன்றாகவே வந்தது, தப்பும் வழி ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும். தலைவருக்குக் கப்பல் இருந்தது. கொடி பிடித்து முன்னே காட்டுக்குள் சென்ற ஆட்களுக்கும், சங்கிலி சுமந்த கலாசிகளுக்கும் அதே காடுதான் இருந்தது. உலகின் உயர்ந்த சிகரத்துக்கு 1865இல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. லாம்டனுக்கும் ஒரு கல்லறை கிடைத்தது. எழுபதை ஒட்டிய வயதிலும் களத்தை விட்டு நீங்காத அவர் 20.01.1823 அன்று மராட்டிய நாட்டு ஹிங்கன்காட்டில் இறந்தார். அவரைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. தாம் ஏற்காத துன்பத்தைப் பிறர்மேல் சுமத்தியவர் அல்லர் அவர். நம் கேள்வி ஏட்டைப் பற்றியது.

ஏடு என்றதும் நினைவுக்கு வருவது அதே கோயிலின் கல்வெட்டு. கயிறு அறுந்த அந்த விமானத்துக்கு வெளியே, திருச்சுற்று மதிலில், இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று உண்டு. பல ஊர்த் தளிச்சேரிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டு வந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்களின் பட்டியல் அது. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் வந்த ஊர் அல்லது கோயில், தஞ்சையில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட வீடு எந்தச் சிறகில் எத்தனையாவது என்பது வரை கல்லில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெண்களைத் தொடர்ந்து ஆடல் ஆசான்கள், குழலூதுவோர், முழவு கொட்டுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று பட்டியல் நீள்கிறது.

இப்பட்டியலில் நம்மைப் பெரிதும் கவர்வது பெயர்களைக் காட்டிலும் அவற்றோடு வரும் ஏற்பாடு. இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு பணியைச் செய்யலாம். உறவினருக்கு அத்தகுதி இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும். ஆளை எண்ணிக்கொள்வதற்கு மட்டும் எழுதிய பட்டியல் அன்று அது. இன்னாருக்கு இன்னது கடன்பட்டிருக்கிறோம், அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதற்கான ஏடு. இரண்டாம் பகுதி இல்லையென்றால் முதற்பகுதி வெறும் வருகைப் பதிவேடுதான்.

சோழர் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் தம் ஊர்களை விட்டு விரும்பித்தான் வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லாது. பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது, கல் இழுத்தவர்களின் பெயர் அங்கும் இல்லை. ஆனால் எட்டு நூற்றாண்டுகள் முற்பட்ட ஒரு நல்ல முன்மாதிரி அந்த மதிலிலேயே இருக்க, 1808இன் ஏடு அதை அறியாமலே எழுதப்பட்டது என்பது உண்மை. அந்தக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு ஹுல்ட்சின் பதிப்பில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளிவரத் தொடங்கியது 1891இல்.

இனி நம் ஏட்டுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதத்து ஒரு நாள். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு நடவுப் பாட்டுப் பதிவு செய்ய மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். நாமும் நம் துறைத் தோழர் ஒருவரும் பொறுப்பு. பட்டியலில் 38 பெயர்கள். காலையில் பேருந்து புறப்படும்போது தலைகளை எண்ணினோம். முப்பத்தெட்டு. மனநிறைவோடு கிளம்பினோம்.

மூன்று மணிக்குமேல் தென்மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், புரட்டாசி மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதல் இடியோசை கேட்டதும் எல்லாரையும் பேருந்துக்கு அழைத்தோம். வரப்பில் ஓடி வழுக்கி விழுந்து எழுந்து வந்து சேர்ந்தார்கள். எண்ணினால் முப்பத்தேழு. மறுபடி எண்ணினோம். முப்பத்தேழுதான். பட்டியலை எடுத்துப் பெயர் சொல்லி அழைத்தோம். முப்பத்தாறு பேர் குரல் கொடுத்தார்கள். குரல் வராத இருவரைப் பற்றிக் கேட்டால், "ஐயா, அவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரவே இல்லை" என்றார்கள் மாணவர்கள்.

அப்போதுதான் நடந்தது விளங்கிற்று. பட்டியலில் இருந்த இருவர் காலையில் வரவில்லை. பட்டியலில் இல்லாத இருவர் நண்பர்களோடு ஏறிக்கொண்டார்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால் நாம் பெயரைக் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாத அந்த இருவரில் ஒருவர் பேருந்தில் இருந்தார். மற்றவர் வெளியே எங்கோ இருந்தார். பட்டியல்படி பார்த்தால் ஒருவரும் தொலையவில்லை. தலைக்கணக்குப்படி ஒருவர் குறைந்தார். அவர் பெயர் என்ன என்று கேட்டோம். வேறு துறை முதலாண்டு மாணவர், நீலச் சட்டை போட்டிருந்தார் என்பதற்குமேல் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவரை அழைத்து வந்த மாணவர்தான் பெயரைச் சொன்னார். அவருக்கும் முகவரி தெரியவில்லை. தொலைபேசி அணைந்திருந்தது.

நாற்பது நிமிடம். மின்னல் வயல்வெளி முழுவதையும் வெளுத்துக் காட்டிக் காட்டி அணைந்துகொண்டிருந்தது. மாணவர்களைப் பேருந்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தோழரை அவர்களோடு விட்டுவிட்டு, ஓட்டுநரிடம் குடை வாங்கிக்கொண்டு நாம் இறங்கிப் போனோம். அதுவும் தவறு என்பதை இன்று அறிவோம். திறந்த வயலில் குடையோடு நடக்கும் மனிதன் மின்னலுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டு போகிறான். பயம் வந்துவிட்டால் படித்தது எதுவும் துணைக்கு வருவதில்லை.

மழை தணியும்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு பெரியவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார், பின்னால் நீலச் சட்டை. வரப்போரத்துப் பனைமரத்தடியில் ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைக்குள் மறைத்துப் பிடித்தபடி அந்த மாணவர் நின்றிருக்கிறார். அதனைப் பார்த்த பெரியவர், "தம்பி, மரத்தடியில நிக்காத, வீட்டுக்கு வா" என்று சத்தம் போட்டு அழைத்துப்போய்த் தம் காரை வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார். "கருவி நனையக் கூடாதுன்னு நின்னேன் ஐயா" என்றார் மாணவர். அவரைக் கோபிக்க நமக்குத் தகுதி இருக்கவில்லை. கருவி பத்திரமாக இருக்கிறதா என்று காலையிலிருந்து மும்முறை கேட்டவர்கள் நாமே.

அன்று அந்தப் பனையில் இடி விழவில்லை. விழுந்திருந்தால் யார் வீட்டுக்குச் செய்தி சொல்வது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அந்தச் செய்தியைத் தாங்குவதற்கு நம் கையில் ஒரு பெயர்கூட இல்லை.

ஊர் திரும்பியபின் களப்பணி அறிக்கை எழுதினோம். எத்தனை பாடல்கள், எத்தனை மணித்துளிகள், என்ன கருவி என்றெல்லாம் எழுதினோம். அந்த நாற்பது நிமிடத்தை எழுதவில்லை. லாம்டனின் கதையை மறுபடி எடுத்துப் படித்தது அதற்குப் பிறகுதான்.

களப்பயண விபத்துகள் நம் நாட்டில் அரியன அல்ல. 20.02.2007 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில், பறவைகள் சரணாலயம் பார்க்கச் சென்ற பள்ளிக் குழந்தைகளின் படகு பெரியாற்றில் மூழ்கிப் பதினைந்து குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். 08.06.2014 அன்று இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் இருபத்து நால்வரையும் உடன் சென்ற வழிகாட்டி ஒருவரையும் வெள்ளம் கொண்டு போயிற்று. மழை வெள்ளமன்று அது. மேலே லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர். பின்னர் அம்மாநில உயர் நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பை மின் வாரியம், கல்லூரி, அரசு மூன்றின்மீதும் பகிர்ந்து வைத்தது. கரையில் இருந்த கல்லூரிக்கும் அதில் பங்குண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்பை ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு நெறிமுறைகளில் வளாகத்துக்கு வெளியே நிகழும் கல்விப் பயணங்களும் இடம்பெற்றன.

நம் பக்கத்துச் செய்திகளும் உண்டு. 11.03.2018 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 15.02.2023 அன்று கரூர் மாவட்டம் மாயனூரில், விளையாட்டுப் போட்டி முடித்து வந்த அரசுப் பள்ளி மாணவியர் நால்வர் காவிரியில் இறங்கி மூழ்கினார்கள். அது நாம் தினமும் பேர் சொல்லி வாழ்த்தும் காவிரி.

இந்நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். மலை, காடு என்று நாம் அஞ்சும் இடங்களில் மட்டும் சாவு நேர்வதில்லை. பழகிய ஆற்றிலும் நேர்கிறது. டெல்டாவில் நமக்கு மலையும் இல்லை, காட்டு விலங்கும் இல்லை. அதனாலேயே அச்சமும் இல்லை. பட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு நீர் கொண்டு வரும் கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்தது. மக்கள் அதனைப் புது ஆறு என்பார்கள். இயற்கையாறு போல மணற்கரையும் ஆழமில்லாத ஓரமும் அதற்குக் கிடையாது. சிமென்ட் பூசிய சரிவில் பாசி படிந்திருந்தால் இறங்கியவர் ஏற முடியாது. மதகு எப்போது திறப்பார்கள் என்பது அங்குள்ள லஸ்கருக்குத் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

முத்துப்பேட்டைக் காயலில் படகுக்காரர் "இத்தனை பேருக்குமேல் ஏத்த மாட்டேன்" என்று சொன்னால், நேரமாகிறதென்று அவரிடம் வாதாடுவது நம் வழக்கம். தட்டேக்காட்டுக்குப் பின் அந்த வழக்கத்துக்கு இடமில்லை. மிதவைச் சட்டை இல்லாத படகில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. 16.11.2018 அன்று கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையையும் அலையாத்தியையும் என்ன செய்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வானிலை அறிக்கையைப் பொருட்படுத்தாத பழக்கம் அதன்பின்னும் நம்மிடம் இருப்பது வியப்பே.

பாம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தவர். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் இங்கே வழங்கப்படுகிறது. ஆகவே கடித்த பாம்பைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்டவரை அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்கு விரைவதே வழி. எந்த மருத்துவமனை அருகில், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்பது புறப்படும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

மின்னலுக்கு உரிய விதி இதனினும் எளிது. இடியோசை காதில் விழுந்துவிட்டால் மின்னல் நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். மரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய பேருந்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின்னும் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி மின்னலை முன்கூட்டி எச்சரிக்கிறது. நம்மைக் காத்தது செயலியன்று, அந்தப் பெரியவரின் குரல். இடத்தை அறிந்தவரின் சொல் எந்தக் கையேட்டுக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது.

அதனால்தான் நம் துறையில் இப்போது பட்டியலை வேறு முறையில் எழுதுகிறோம். பேருந்து புறப்படுவதற்குச் சற்றுமுன், வண்டியில் அமர்ந்திருப்பவர்களைக் கேட்டுத்தான் எழுதுவது. பெயர், இல்லத்துத் தொலைபேசி எண், நீந்தத் தெரியுமா, நாள்தோறும் உண்ணும் மருந்து உண்டா. ஒரு படி நம் கையில், மற்றொன்று கல்லூரி அலுவலகத்தில். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேட வேண்டும் என்பதும் அதில் உண்டு. இருவர் இருவராக இணைத்து ஒருவர் மற்றவருக்குப் பொறுப்பு என்று வைக்கிறோம். எண்ணுவதில்லை, பெயர் சொல்லி அழைக்கிறோம்.

பட்டியல் மாணவர்களோடு முடிவதும் இல்லை. ஓட்டுநர், படகுக்காரர், வழிகாட்டும் ஊர்க்காரர், சாரத்தில் ஏறிக் கல்வெட்டுத் துடைத்துக் கொடுக்கும் கோயிற்பணியாளர் எல்லாரும் அதில் உண்டு. நம் ஆய்வுக்காக ஒருவர் ஏணியில் ஏறினால் அவர் விழாமல் இருப்பது நம் பொறுப்பு. விழுந்தால் அவர் வீட்டுக்குப் போய் நிற்பதும் நம் பொறுப்பு. இது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. தஞ்சை மதிலில் கல்லாக நிற்பதுதான்.

சென்ற ஆண்டு அதே கிராமத்துக்கு மீண்டும் சென்றோம். பெரியவர் இருந்தார், இன்னும் கொஞ்சம் தளர்ந்து. நீலச் சட்டை மாணவருக்கு வேலை கிடைத்துவிட்டதைச் சொன்னோம். மகிழ்ந்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "உங்க பேரைச் சொல்லுங்கய்யா, அன்னைக்குக் கேக்காம போயிட்டோம்" என்றோம்.

"எம் பேரு எதுக்கு சார்? நான் பாட்டா பாடுனேன்?" என்று சிரித்தார்.

விடாமல் கேட்டு எழுதிக்கொண்டோம். அவருடைய இசைவின்றி இங்கே அச்சிடுவது முறையன்று. துறையின் களப்பணி ஏட்டில், அந்தப் புரட்டாசி நாளின் அறிக்கைக்குக் கீழே, பாடியவர்களின் பெயர்களை அடுத்து அவர் பெயரும் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடமும் இருக்கிறது.